கமராக் கண்ணும் கடைசி வாங்கும்

இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்துத் தமிழைப் போற்றினர் நம் முன்னோர். இயற்றமிழைக் கற்க நூல்கள் உள. இசைத்தமிழைக் கற்பிக்க ஆசிரியர் உளர். நாடகத் தமிழோ ஆடுவாரிடத்தும் காண்பாரிடத்தும் ஒருங்கே வாழ்வது. ஆடுவார் திறமை குன்றினால் அது வாடும். காண்பார் பார்வை பிழைத்தாலும் அது வாடும். முன்னைய குறையைப் பற்றிப் பேசுவோர் பலர். பின்னைய குறையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அப்பிழையைத் தானே செய்தவன் என்ற உரிமையோடு, குறும்படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்ட இளம் பழைய மாணவன் ஒருவன், கல்லூரியின் விழா மலரிலே சில சொல்ல விழைகின்றேன். பாடசாலை நாடகங்களைப் பழக்கும் ஆசிரியர்க்கும், அவற்றைப் பற்றி எழுதப் புகும் மாணவர்க்கும் இது சிறிதேனும் பயன்படுமாயின் மகிழ்வேன்.

காங்கேசன்துறையும் இசைநாடகமும்

காங்கேசன்துறை என்றவுடன் துறைமுகத்தையும் வெளிச்சவீட்டையும் ஒருகாலத்தில் இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலையையும் நினைப்போர் பலர். நாடகம் அறிந்தவர் முதலில் நினைப்பது நடிகமணி வி. வி. வைரமுத்துவையே (1924–1989). இவ்வூரவராகிய அவர் வசந்தகான சபா என்னும் குழுவை நடத்தி, அரிச்சந்திரன் மயானகாண்டத்தை யாழ்ப்பாணத்தின் ஊர்தோறும் ஆடிப் பாடியவர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் தமிழகத்து நாடகக் குழுக்கள் இங்கு வந்து கொட்டகைகளில் ஆடிக் காட்டிய இசைநாடகம், நம் கலைஞர் கைப்பட்டு, இம்மண்ணின் கலையாகவே வேரூன்றிற்று. பக்கத்தே ஆர்மோனியமும் மிருதங்கமும் ஒலிக்கப் பாத்திரங்கள் பாடிக்கொண்டே அவைக்கு வருவர். தம்மை யார் என்று பாட்டாற் கூறுவர். கோபத்தையும் துயரத்தையும் பாட்டாலேயே புலப்படுத்துவர்.

மயானகாண்டத்தின் கதையை அறியாதார் இலர். அயோத்தி மன்னன் அரிச்சந்திரன் சொன்ன சொல்லைக் காக்கும்பொருட்டு நாட்டை விசுவாமித்திரருக்கு ஈந்தான். கடனிறுக்க மனைவியையும் மகனையும் காசியில் விற்றான். தானும் விலைப்பட்டு, வீரபாகுவின் அடிமையாய்ச் சுடலை காக்கின்றான். தருப்பை பறிக்கச் சென்ற மகன் லோகிதாசன் அரவு தீண்டி இறக்கின்றான். சந்திரமதி அவனுடலைத் தானே சுமந்து இருளிற் சுடலைக்கு வருகின்றாள். முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் தராமற் பிணத்தைச் சுட விடேன் என்று காவலன் தடுக்கின்றான். மனைவி கணவனை அறியாள். கணவன் மனைவியை அறியான்.

இக்கதை காங்கேசன்துறையில் ஆடப்படும்போது அதற்கு வேறொரு கனமும் உண்டு. 1990இல் இவ்வூரவர் தம் வீடு வாசல் விட்டு வெளியேறினர். 2009இற் போர் முடிந்த பின்னரும் நிலம் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு சனவரியிலேதான் புகைவண்டி மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடலாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் இறந்தோரைத் தம் ஊர்ச் சுடலைக்குக் கொண்டுசெல்லும் உரிமையும் இவ்வூரவர்க்கு இல்லாதிருந்தது. ஆதலின், சுடலை வாயிலில் ஒரு தாய் தடுக்கப்படும் காட்சி இங்குள்ள முதியோர்க்கு வெறும் புராணக் கதையன்று.

நான் எழுதிய விமர்சனம்

சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதிப் பாடசாலை ஒன்றிலே மயானகாண்டத்தை மாணவர் மேடையேற்றினர். அதனைப் படம் பிடித்துத் தருமாறும், பாடசாலைச் சஞ்சிகைக்கு ஒரு விமர்சனம் எழுதுமாறும் நாடகத்தைப் பழக்கிய ஆசிரியர் என்னைக் கேட்டுக்கொண்டார். நானும் மனமுவந்து ஏற்றேன்.

கமராவை மேடைக்கு ஆறடி தூரத்தில், முன்வரிசைக்கும் முன்னே நிறுத்தினேன். நாடகம் நடந்த ஒன்றரை மணி நேரமும் என் ஒரு கண் மூடியிருந்தது. மற்றொரு கண் கமராவின் சிறு திரையிற் பதிந்திருந்தது. வீடு திரும்பிப் பிடித்த படத்தை மும்முறை ஓடவிட்டுப் பார்த்த பின்னரே விமர்சனத்தை எழுதினேன். மும்முறை பார்த்து எழுதியதனாற் பிழைக்கு இடமில்லை என்று எண்ணினேன்.

நான் எழுதியவற்றின் சாரம் இதுதான். அரிச்சந்திரனாக நடித்த உயர்தர வகுப்பு மாணவன் கைகளை வேண்டுமளவுக்கு மேல் உயர்த்துகின்றான். பாடும்போது கழுத்து நரம்பு புடைக்கின்றது. இது மிகை நடிப்பு. சந்திரமதியாக நடித்த மாணவி, மகனின் முகத்தை நோக்கிச் சொல்லின்றிக் கண்ணீர் சொரிந்த இடமே நாடகத்தின் உச்சம், ஆனால் அதனை அடுத்து வரும் ஒப்பாரிப் பாட்டு நீண்டுவிட்டது, குறைத்தல் நன்று. இறந்து கிடக்கும் லோகிதாசனின் வயிறு ஏறி இறங்குவது தெரிகின்றது. இதனால் மெய்ம்மை கெடுகின்றது. பின்திரையில் எழுதிய எலும்புக்கூடும் எரியும் சிதையும் சிறுபிள்ளைத்தனமானவை.

ஒவ்வொரு கூற்றுக்கும் என்னிடம் சான்று இருந்தது. படத்தை நிறுத்திக் காட்டினால் எவரும் மறுக்கவியலாது. விமர்சனம் சஞ்சிகையில் வெளிவந்தது. மாணவர் அதனை மரியாதையோடு வாசித்தனர் என்றும், அரிச்சந்திரனாக நடித்தவன் அதனைத் தன் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டான் என்றும் பின்னர் அறிந்தேன்.

கடைசி வாங்கில் ஒரு மாலை

இரண்டு மாதங்களின் பின் அதே நாடகம் தமிழ்த் தினப் போட்டியின் வலய மட்டத்துக்குச் சென்றது. அன்று நான் கமரா இன்றியே சென்றேன். அதுவும் பிந்திச் சென்றேன். முன்வரிசைகளில் நடுவர்களும் விருந்தினரும் அமர்ந்திருந்தனர். எனக்குக் கிடைத்தது மண்டபத்தின் கடைசி வாங்கு. அருகிலே முதியவர் ஒருவர் இருந்தார். லோகிதாசனாக நடிக்கும் சிறுவனின் பாட்டனார் அவர். இளமையில் வைரமுத்துவின் மயானகாண்டத்தைப் பலமுறை விடிய விடியப் பார்த்தவர். பாடசாலையில் நடந்த முதல் ஆட்டத்தையும் இதேபோற் கடைசி வாங்கிலிருந்தே பார்த்தவர்.

திரை விலகியது. அரிச்சந்திரன் வந்தான். கைகள் இடுப்பளவைக் கடக்கவில்லை. குரல் அடங்கி ஒலித்தது. தலைக்கு மேலே மின்விசிறிகளின் இரைச்சல். முன்னே இருந்த பிள்ளைகள் தமக்குள் பேசத் தொடங்கினர். சந்திரமதி மகனருகே குனிந்து நெடுநேரம் அசையாதிருந்தாள். எனக்குத் தெரிந்தது ஒரு சேலைத் தலைப்பு மட்டுமே. ஒப்பாரிப் பாட்டு பாதியில் முடிந்தது. எனக்கு ஏனோ உடல் கூசியது.

முதியவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, பள்ளிக்கூடத்திலை ஆடேக்கை இவன் கையைத் தூக்கினால் இந்தத் தூரத்திலை இருந்த எனக்கு விளங்கினது. இண்டைக்கு ஆர் இவன்ரை கையைக் கட்டிப்போட்டது?" என்றார்.

நான் பதில் சொல்லாமல், அந்தப் பிள்ளை அழுவது தெரிகின்றதா என்று கேட்டேன்.

"அழுகிறாவோ? இஞ்சை வரேல்லை அந்த அழுகை. அண்டைக்குப் பாட்டு வந்தது, தம்பி. பாட்டோடைதான் நாங்களும் அழுதனாங்கள்."

லோகிதாசன் மூச்சு விட்டது அன்று தெரிந்ததா என்று கடைசியாகக் கேட்டேன். அவர் சிரித்தார். "செத்த பிள்ளை மூச்சு விட்டதை ஆர் பாத்தது? தாய் பாடேக்கை நாங்கள் ஒருத்தரும் மூச்சு விடேல்லையே!"

நாடகம் அடுத்த மட்டத்துக்குத் தெரிவாகவில்லை. மேடையின் பின்புறம் சென்று அரிச்சந்திரனாக நடித்தவனைக் கண்டேன். முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைக் குறை கூறும் எண்ணம் அவனிடம் சிறிதும் இல்லை. "நீங்கள் எழுதினபடிதான் அண்ணை செய்தனான்," என்று மட்டும் சொன்னான். அச்சொல் இன்றும் என் செவியில் உள்ளது. ஆசிரியரும் என்னைக் கடியவில்லை. "உங்கடை எழுத்தைப் பிள்ளையள் அப்பிடியே நம்பினவை. அச்சிலை வந்ததெல்லோ," என்றார்.

என் பிழை எங்கே இருந்தது? நான் பொய் எழுதவில்லை. மாணவன் கையை உயர்த்தியதும், மாணவி கண்ணீர் சொரிந்ததும், சிறுவன் மூச்சு விட்டதும் உண்மையே. ஆனால் நான் விமர்சித்தது நாடகத்தையன்று. என் கமரா பிடித்த படத்தை. மண்டபத்தில் இருந்த சில நூறு பேருள், ஆறடி தூரத்திலிருந்து அந்நாடகத்தைப் பார்த்தவன் நான் ஒருவனே. எவரும் அமராத ஓரிடத்தில் நின்று, எவரும் காணாத குறைகளைக் கண்டு, எவர்க்கும் எட்டாத சிறப்பைப் புகழ்ந்தேன்.

இரு கலைகள், இரு வழிகள்

நாடகமும் திரைப்படமும் உடன்பிறந்தவை என்பர். உடன்பிறந்தாராயினும் ஒருவர் சட்டை மற்றவர்க்குப் பொருந்தாது. இதற்கு அரிச்சந்திரன் கதையே தக்க சான்று.

இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் எனப்படுவது தாதாசாகிப் பால்கே எடுத்த 'ராஜா அரிச்சந்திரா'. 1913ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் திகதி பம்பாயில் அது திரையிடப்பட்டது. படத்தில் நடிக்கப் பெண்கள் முன்வராமையால், அரசியாக அண்ணா சாளுங்கே என்னும் ஆடவர் நடித்தார்; மகனாகப் பால்கேயின் சொந்த மகனே நடித்தான். அதுவோ பேசாப்படம். மேடையிற் பாட்டாலேயே உயிர்வாழ்ந்த கதையைத் திரை முதன்முதலிற் பாட்டு முழுவதையும் விட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொண்டது. கண்ணுக்கு உரியதை எடுத்தது. காதுக்கு உரியதை விட்டது. பேசும்படம் வந்த பின்னர் பாட்டும் திரைக்கு வந்தது. 1944இல் வெளிவந்த தமிழ் 'அரிச்சந்திரா'வில் நடித்த பி. யு. சின்னப்பா, பாய்ஸ் கம்பெனி மேடையிற் பாடிப் பயின்று திரைக்கு வந்தவர். ஆயினும் ஒலிவாங்கியின் முன்னே பாடும் பாட்டுக்கும், ஒலிபெருக்கி இல்லாக் கொட்டகையின் கடைசி மனிதனுக்காகப் பாடும் பாட்டுக்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் ஒலிவாங்கி பாடகனைத் தேடி வருகின்றது. பின்னதிற் பாடகன் கேட்போனைத் தேடிச் செல்லவேண்டும்.

நம் நாட்டிலே இவ்விரு கலைகளும் தத்தம் வழியைக் கண்டுகொண்ட ஆண்டு 1956 எனலாம். அவ்வாண்டு நவம்பரிற் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' கொழும்பில் மேடையேறியது. தமிழ்க் கூத்தோடு தொடர்புடைய சிங்கள 'நாடகம' மரபைத் தழுவி, வரைந்த காட்சித்திரைகளை நீக்கி, பாட்டாலும் அசைவாலும் காட்டையும் போரையும் படைத்துக் காட்டியது அது. அதே ஆண்டு டிசெம்பரில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' திரைக்கு வந்தது. தென்னிந்தியப் படப்பிடிப்பு நிலையங்களின் போலி வீதிகளை விட்டு, உண்மையான கிராமத்தின் வெயிலிலும் மரநிழலிலும் கமராவைக் கொண்டுபோய் நிறுத்தியது அது. மேடை மெய்போலக் காட்டுவதைக் கைவிட்டபோது உயர்ந்தது. திரை மெய்யையே நாடிச் சென்றபோது உயர்ந்தது. ஒன்றின் அளவுகோலை மற்றொன்றுக்கு வைத்திருப்பின் இரண்டுமே தோல்வியாகத் தோன்றியிருக்கும்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனை மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகியவற்றை மேடையேற்றியபோதும் இவ்வுண்மையே தொழிற்பட்டது. விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்தை, ஒருபக்கம் மட்டும் திறந்த மேடைக்குக் கொணர்ந்தபோது, நேரத்தைச் சுருக்கினார். அசைவுகளை அவைநோக்கி அமைத்தார். ஆனாற் கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் விடவில்லை. இடம் மாறும்போது எதை மாற்றுவது, எதை மாற்றாதிருப்பது என்பதை அறிதலே கலைஞன் கடமை. விமர்சகன் கடமையும் அதுவே.

கண்ணுக்குத் தெரியாத தாலி

மயானகாண்டத்தில் ஓரிடத்தை எடுத்து நோக்குவோம். சுடலைக் காவலன் கூலி கேட்கின்றான். சந்திரமதி தன்னிடம் யாதுமில்லை என்கின்றாள். அவள் கழுத்தில் தாலி மின்னுவதைக் கண்டு, அதனை விற்றுக் கூலி தருமாறு கூறுகின்றான். அவள் துணுக்குறுகின்றாள். அத்தாலி அவள் கணவன் ஒருவனுக்கன்றி வேறெவர் கண்ணுக்கும் தெரியாதது. ஆதலால் எதிரே நிற்பவன் கணவனே என்று அறிகின்றாள்.

இதனை எவ்வாறு காட்டுவது? திரைப்படக்காரனுக்கு இது பெரிய இடர்ப்பாடு. கமரா தாலியைக் காட்டினால் அரங்கிலுள்ள யாவரும் அதனைக் காண்பர். பிறர்க்குத் தெரியாதது என்பது பொய்யாகும். காட்டாது விட்டால் அவன் எதைக் கண்டான் என்பது விளங்காது. அவன் பார்வையில் ஒரு காட்சி, பிறர் பார்வையில் ஒரு காட்சி என இரண்டாகப் பிரித்துப் படத்தொகுப்பினால் ஒட்டவேண்டும். திறமையாகச் செய்தால் அழகாகவே அமையும். ஆயினும் அது ஒரு யுக்தி என்பதைப் பார்ப்போன் மனம் உணர்ந்துவிடும்.

மேடைக்கு இவ்விடர்ப்பாடே இல்லை. நடிகன் ஒருமுறை அவள் கழுத்தை நோக்குகின்றான், கை நீட்டிக் காட்டுகின்றான், பாடுகின்றான். அவன் நோக்கினாலேயே தாலி உண்டாகின்றது. அவையோர் தம் கண்ணால் எதையும் காணவில்லை. எனினும் அவன் காண்பதைக் காண்கின்றனர். அக்கை தோளளவுக்கு மேல் உயர்ந்தாலன்றிக் கடைசி வாங்குக்கு அத்தாலி எட்டாது. நான் மிகை என்று எழுதிய கை அதுவே. அம்மாணவன் கையை உயர்த்தியது தன் உணர்ச்சியைப் பெரிதாக்கிக் காட்ட அன்று. இல்லாத ஒரு பொருளை முந்நூறு பேர்க்குக் காட்ட. அதனை அவனுக்குக் கற்பித்தவர்கள் அதன் காரணத்தைச் சொல்லியிருக்கமாட்டார்கள், மரபு சொல்லிக்கொடுத்தது. காரணம் தெரியாத நான் அதனை வெட்டிவிட்டேன்.

விமர்சகர் கைக்கொள்ளத்தக்கவை

இவ்வனுபவத்தினால் நான் கற்றவற்றைச் சுருக்கமாக இங்கே தருகின்றேன்.

முதலாவது, நாடகத்தை இருமுறை பார்க்கவேண்டும். ஒருமுறை முன்னிருந்து, மறுமுறை கடைசி வாங்கிலிருந்து. ஒருமுறைதான் இயலுமாயின் கடைசி வாங்கையே தெரிந்துகொள்ளவேண்டும். அங்கு எட்டாதது அவைக்கு எட்டாதது.

இரண்டாவது, எவ்வகை நாடகம் என்பதை முதலில் அறியவேண்டும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட 'நானாடகம்' யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் அமைந்தது. அத்தகைய நாடகத்திற் கையை வீசிப் பாடுவதுபோற் பேசினால் அது குறையே. அங்கு வீட்டு விறாந்தையிற் பேசுவதுபோற் பேசவேண்டும். மயானகாண்டத்திலோ விறாந்தைப் பேச்சுப் பேசினால் அது குறை. நடிப்புக்குப் பொதுவான அளவு ஒன்றில்லை. மரபுக்கேற்ற அளவே உண்டு. எழுதிய பின்திரையையும் இவ்வாறே நோக்கவேண்டும். எலும்புக்கூடு வரைந்த திரை இது சுடலை என்று அறிவிக்கும் பலகை; அது சுடலையின் புகைப்படமாக இருக்க முயலவில்லை.

மூன்றாவது, அவையோரையும் பார்க்கவேண்டும். பிள்ளைகள் எவ்விடத்திற் பேசத் தொடங்கினர், எவ்விடத்தில் அடங்கினர், முதியோர் எவ்விடத்திற் கூடவே பாடினர் என்பவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். இசைநாடகத்தின் பாட்டுகளை மனப்பாடமாக அறிந்தவர் காங்கேசன்துறைப் பகுதியில் இன்னும் உளர். அவர்கள் வாய் அசைவதும் நாடகத்தின் ஒரு பகுதியே.

நான்காவது, குறை கூறும்போது அதனைத் திருத்தும் வழியையும் கூறவேண்டும். 'மிகை நடிப்பு' என்பது தீர்ப்பு. அதனால் மாணவன் கற்பது யாதுமில்லை. 'இன்ன அடியில் முகத்தைச் சந்திரமதியின் பக்கம் முற்றாகத் திருப்பியதால் இரண்டு சொற்கள் கேட்கவில்லை. சிறிது அவைநோக்கி நின்று பாடுக' என்பது பாடம்.

ஐந்தாவது, நடிப்போர் மாணவர் என்பதை மறத்தலாகாது. தொழில்முறை நடிகன் விமர்சனத்தை எடைபோடுவான், வேண்டாததை ஒதுக்குவான். பதினேழு வயது மாணவன் அச்சிற் கண்டதை அப்படியே நம்புவான். காந்தியடிகள் சிறுவயதில் அரிச்சந்திர நாடகத்தைக் கண்டு மனம் பறிகொடுத்து, அதனைத் தமக்குள்ளேயே பலமுறை நடித்துப் பார்த்ததாகச் 'சத்திய சோதனை'யிற் கூறுகின்றார். காண்போர் உள்ளத்திலேயே ஒரு நாடகம் இத்துணை ஆழ்ந்து பதியுமாயின், அதனை ஆடும் பிள்ளையின் உள்ளத்தில் எவ்வளவு பதியும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. அவ்வுள்ளத்திற் கைவைப்பவன் மெல்லவே வைக்கவேண்டும்.

கமராவின் கடமை

அங்ஙனமாயின் திரைப்படம் எடுப்பவனுக்குப் பாடசாலை நாடகத்தில் வேலையே இல்லையோ எனின், உண்டு. ஆவணப்படுத்தல் அவன் செய்யத்தக்க பெருந்தொண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியக் கண்டவர்கள் நாம். அதன்பின் இடம்பெயர்வுகளில் வீட்டுப் பெட்டிகளையும் இழந்தோம். இன்று மேடையில் நிகழ்வதை நாளையவர்க்கு வைத்துச் செல்லவேண்டிய கடமை நம்மைவிட வேறெவர்க்கும் மிகுதியாக இல்லை.

ஆனால் அதற்கு முறை உண்டு. ஒரு கமராவை மண்டபத்தின் பின்னே நடுவில், தலைகளுக்கு மேலாக உயர்த்தி, மேடை முழுவதும் அடங்கும்படி நிறுத்தித் தொடக்கம் முதல் இறுதி வரை அசைக்காமல் ஓடவிடவேண்டும். வேறொரு கமரா இருப்பின் அது முகங்களைப் பிடிக்கலாம். பாட்டுக்கும் பக்கவாத்தியத்துக்கும் ஒலிவாங்கியைத் தனியே வைக்கவேண்டும். கமராவிலுள்ள ஒலிவாங்கி மின்விசிறியையே நன்றாகக் கேட்கும். நாடகத்தின் பெயர், இடம், திகதி, நடித்தோர், ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசித்தோர், பழக்கிய ஆசிரியர் ஆகிய விபரங்களைத் தாளிலும் எழுதிப் படத்தோடு சேர்க்கவேண்டும். பிரதிகள் இரண்டு, ஈரிடங்களில் இருக்கவேண்டும். இவற்றுட் பெருஞ்செலவு பிடிப்பது யாதுமில்லை, பொறுமைதான் வேண்டும்.

முடிவாக

என் பிழையைச் சஞ்சிகையின் அடுத்த இதழில் எழுத்தாலே ஒப்புக்கொண்டேன். அதனோடு அமையாது, பரிசளிப்பு விழாவுக்காக அந்நாடகத்தை மீண்டும் பழக்கியபோது, ஒத்திகை தோறும் மண்டபத்தின் கடைசி வாங்கில் அமர்ந்தேன். எனக்கு இடப்பட்ட வேலை ஒன்றே: சொல் கேட்காதபோது கையை உயர்த்துவது. முதல் நாள் பலமுறை உயர்த்தினேன். அரிச்சந்திரனின் கைகள் மெல்ல மெல்லப் பழைய உயரத்துக்கு வந்தன. ஒப்பாரிப் பாட்டு முழுமையாகத் திரும்பி வந்தது. லோகிதாசன் முன்போலவே மூச்சு விட்டான்; அதைப் பற்றி எவரும் பேசவில்லை.

விழாவன்று எடுத்த படம் என்னிடம் உள்ளது. கமரா பின்னே நின்றமையால் அரிச்சந்திரனின் முகம் அதிற் பெருவிரல் நகத்தளவே தெரிகின்றது. படக்கலை பயின்றோர் அதனைக் கண்டால் நகைப்பர். ஆனால் மேடைக்கும் கமராவுக்கும் இடையே வரிசை வரிசையாகத் தலைகள் தெரிகின்றன. சந்திரமதி பாடத் தொடங்கியது முதல் முடிக்கும் வரை அத்தலைகளுள் ஒன்றேனும் அசையவில்லை. நான் எடுத்த படங்களுள் நாடகம் இருக்கும் படம் அதுவொன்றே.

நமது கல்லூரியின் மண்டபத்திலும் ஆண்டுதோறும் மாணவர் நாடகம் ஆடுகின்றனர். பழைய மாணவராகிய நாம் விழாக்களுக்கு வரும்போது நமக்கென முன்வரிசையில் ஆசனம் ஒதுக்குவர். அவ்வன்பை ஏற்போம். நாடகம் தொடங்கும் வேளையில் மட்டும் எழுந்து பின்னே சென்று, நாம் மாணவராயிருந்த காலத்தில் அமர்ந்த அதே கடைசி வாங்கில் ஒருமுறை அமர்ந்து பார்ப்போமாக.